ஆறடிக்கு மேல் உயரமா? மலைப்பாதையில் கார் ஓட்ட சீட்டைச் சரிசெய்வது எப்படி: முழுமையான வழிகாட்டி

நான் ஆறடி மூன்று அங்குலம். கோத்தகிரிக்காரன். வாரத்துக்கு இரண்டு தடவையாவது மேட்டுப்பாளையம் இறங்கி ஏறுகிறவன். பல வருஷமாக என் வழக்கம் ஒன்றுதான்: கதவைத் திறந்ததும் சீட்டுக்குக் கீழே கையை விட்டு, லிவரைத் தூக்கி, கடைசி வரை பின்னால் தள்ளி, சாய்மானத்தையும் நாலு கிளிக் சாய்த்துவிட்டு, இப்போதுதான் கால் நீட்ட முடிகிறது என்று கிளம்புவேன். கீழே கோயம்புத்தூர் வரை ஒரு குறையும் தெரியாது. திரும்பி மலை ஏறி வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தும்போது வலது தோளும் இடது முழங்காலும் வேறு யாருடையதோ போல இருக்கும்.

வயசாகிறது என்றுதான் நினைத்திருந்தேன். அப்புறம் ஒருநாள் கிளட்ச் பிளேட் மாற்ற வண்டியை விட்டபோது மெக்கானிக் கேட்டார்: "ஏண்ணா, கிளட்ச் மேலயே காலை வெச்சுட்டு ஓட்டுவீங்களா?"

"இல்லையே தம்பி."

"அப்ப இடது காலை எங்க வெப்பீங்க?"

யோசித்துப் பார்த்தேன். பதில் இல்லை. காலை வைக்க எனக்கு ஒரு இடமே இல்லை, அதனால் அது கிளட்ச் மேல்தான் உட்கார்ந்திருந்தது. அன்றைக்குத்தான் சீட்டை ஒழுங்காகப் பார்க்க ஆரம்பித்தேன்.

விஷயம் இதுதான். சீட்டைப் பின்னால் தள்ளினால் காலுக்கு இடம் கிடைக்கும், ஆனால் ஸ்டீயரிங் இருந்த இடத்திலேயே நிற்கும். கால் ஐந்து சென்டிமீட்டர் இடம் சம்பாதித்தால் கை அதே ஐந்து சென்டிமீட்டரை இழக்கும். நேர் ரோட்டில் ஸ்டீயரிங்கை லேசாகத் தொட்டுக்கொண்டு போவதால் அந்த இழப்பு தெரியாது. கொண்டை ஊசி வளைவில் முழுச் சுற்று திருப்பும்போதுதான் முதுகு சீட்டை விட்டு எழும்பி, தோள் முன்னால் இழுபட்டு, கணக்கு வெளியே வரும். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை அப்படி 14 வளைவுகள். ஊட்டியிலிருந்து மசினகுடி இறங்கும் கல்லட்டியில் 36. ஆக, உயரமானவர்கள் சீட்டைக் காலுக்காக மட்டும் வைக்கக் கூடாது. கால், கை, தலை மூன்றுக்கும் சேர்த்துத்தான் வைக்க வேண்டும், அதற்கு ஒரு வரிசை இருக்கிறது.

முதலில் உங்கள் உயரம் எங்கே இருக்கிறது என்று பாருங்கள்

ஆறடி இரண்டு அங்குலம் இருக்கும் இரண்டு பேருக்கு ஒரே கார் ஒத்துவராது. ஒருவருக்கு உயரம் முழுக்கக் காலில் இருக்கும், இன்னொருவருக்கு இடுப்புக்கு மேலே. வீட்டில் சராசரி உயரமுள்ள ஒருவரோடு ஒரே மாதிரி நாற்காலியில் பக்கத்தில் பக்கத்தில் நிமிர்ந்து உட்காருங்கள். தலைகள் கிட்டத்தட்ட சமமாக இருந்தால் உங்களுக்குக் கால்தான் நீளம்: முழங்காலும் ஸ்டீயரிங்கும்தான் உங்கள் சண்டை. உட்கார்ந்த பிறகும் உங்கள் தலை அவர் தலைக்கு மேல் எட்டிப் பார்த்தால் உடம்பு நீளம்: கூரை, ஹெட்ரெஸ்ட், நடுக்கண்ணாடி மூன்றும் தொல்லை தரும். எனக்குக் கால். என் தம்பிக்கு உடம்பு. என் சீட் அமைப்பில் அவன் உட்கார்ந்தால் தலை கூரையில் இடிக்கும், அவன் அமைப்பில் நான் உட்கார்ந்தால் முழங்கால் சாவிக்கொத்தில் இடிக்கும்.

சரிசெய்ய உட்காரும் முன்

சமதளத்தில் நிறுத்துங்கள். எங்கள் ஊரில் சமதளம் தேடுவதே பாதி வேலை, ஆனாலும் தேடுங்கள், ஏனென்றால் சரிவில் நின்றால் உடம்பு தானாக முன்னாலோ பின்னாலோ சாய்ந்து அளவு தப்பாகிவிடும். கியரை நியூட்ரலில் போட்டு, ஹேண்ட்பிரேக் இழுத்து, இன்ஜினை ஸ்டார்ட் செய்துவிடுங்கள். இன்ஜின் ஓடாதபோது பிரேக் பெடல் கல் மாதிரி இருக்கும், அது உண்மையில் எவ்வளவு தூரம் உள்ளே போகும் என்று தெரியாது.

பின் பாக்கெட்டில் பர்ஸ் இருந்தால் எடுத்துவிடுங்கள். இடுப்பு ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டு முதுகு வலிக்கிறது என்றால் சீட் என்ன செய்யும்?

மலையில் எந்த உடையில் ஓட்டுவீர்களோ அந்த உடையோடு உட்காருங்கள். மேட்டுப்பாளையம் ஏறக்குறைய 300 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஊட்டி 2,240 மீட்டரில். கீழே ஒற்றைச் சட்டையோடு சீட்டை வைத்துவிட்டு, குன்னூரில் ஸ்வெட்டரும் அதற்கு மேல் ஜாக்கெட்டும் போட்டால் முதுகுக்குப் பின்னால் ஒரு தலையணை முளைத்த மாதிரி ஆகிவிடும்.

செருப்பு, ஷூ விஷயத்தில் கொஞ்சம் கறாராகச் சொல்கிறேன். உயரமானவர்களுக்குப் பாதமும் பெரிது, எனக்கு 11 சைஸ். இந்த அளவுப் பாதத்துக்கு ஆக்ஸிலரேட்டரிலிருந்து பிரேக்குக்கு மாறும்போது ஷூவின் நுனி பிரேக் பெடலின் அடியில் மாட்டிக்கொள்ளும் ஆபத்து நிஜமானது. தேயிலைத் தோட்டத்திலிருந்து அப்படியே கம்பூட்ஸோடு வந்து வண்டியை எடுப்பவர்களை தினமும் பார்க்கிறேன், நானும் எடுத்திருக்கிறேன், ஒரு தடவை பிரேக்கோடு ஆக்ஸிலரேட்டரையும் சேர்த்து மிதித்த பிறகு நிறுத்திவிட்டேன். மெல்லிய அடிப்பாகம் உள்ள ஒரு ஜோடி ஷூ வண்டியிலேயே கிடக்கட்டும். மேட் மேல் மேட் போட்டிருந்தால் ஒன்றை எடுத்துவிடுங்கள், அந்த ஒரு சென்டிமீட்டர்கூட உங்கள் முழங்காலைத் தூக்குகிறது. மேட் நழுவி பெடலுக்கு அடியில் போகும் வாய்ப்பும் குறையும்.

முதல் படி: கிளட்ச்சை வைத்து தூரம்

இடுப்பை சீட்டின் மூலை வரை தள்ளி உட்காருங்கள், சாய்மானத்துக்கும் இடுப்புக்கும் நடுவே இடைவெளி கூடாது. இடது காலால் கிளட்ச்சை முழுக்க, தரையைத் தொடும் வரை மிதியுங்கள். அந்த நிலையில் முழங்கால் இன்னும் கொஞ்சம் மடங்கி இருக்க வேண்டும். கால் நேராகிவிட்டாலோ, மிதிக்க இடுப்பு நகர்ந்தாலோ சீட் ரொம்பப் பின்னால் இருக்கிறது. பிரேக்கையும் அவசரத்துக்கு மிதிப்பது போல ஓங்கி மிதித்துப் பாருங்கள், அங்கேயும் அதே விதி. மோதல் என்று வந்தால் நேராக விறைத்த கால் அடியை அப்படியே இடுப்புக்குக் கடத்தும், மடங்கிய கால் கொஞ்சமாவது விட்டுக்கொடுக்கும். ஆட்டோமேட்டிக் என்றால் பிரேக் மட்டும் பார்த்தால் போதும்.

இப்போது காலை எடுத்து, கிளட்ச்சுக்கு இடதுபுறம் தரையில் வையுங்கள். பாதம் தட்டையாகப் படிந்து உட்காருகிறதா? மெக்கானிக் என்னைக் கேட்ட கேள்வி இதுதான். சில கார்களில் அதற்கென்று ஒரு மேடை இருக்கும், சிலவற்றில் வெறும் தரைதான். ரொம்பப் பின்னால் உட்கார்ந்தால் அந்த இடம் எட்டாது, கால் பக்கத்தில் இருக்கும் கிளட்ச்சில் ஓய்வெடுக்கும். எட்டவில்லை என்றால் ஒரு கிளிக் முன்னால் வாருங்கள்.

முன்னால் வந்தால் முழங்கால் ஸ்டீயரிங்கில் இடிக்குமே என்பீர்கள். இடிக்கும். அதற்குத்தான் அடுத்த படி.

இரண்டாவது படி: உயரம்

உயரமானவர்கள் எல்லாரும் சீட்டைக் கடைசி வரை இறக்கித்தான் வைப்பார்கள். உடம்பு நீளமானவர்களுக்கு அது சரி, வேறு வழியும் இல்லை. ஆனால் கால் நீளமானவர்கள், கூரைக்கும் தலைக்கும் இடம் இருந்தால், சீட்டை ஏற்றிப் பாருங்கள். திண்ணையில் உட்காருவதற்கும் பாயில் கால் நீட்டி உட்காருவதற்கும் உள்ள வித்தியாசம்தான். பாயில் உட்கார்ந்தால் கால் முன்னால் ஓடும், திண்ணையில் உட்கார்ந்தால் கால் கீழே தொங்கும். சீட் ஏறும்போது கால் கீழ்நோக்கி இறங்குவதால் முன்னும் பின்னும் தேவைப்படும் இடம் குறைகிறது, தொடை சீட்டில் நன்றாகப் படிகிறது, ஸ்டீயரிங்குக்கு இன்னும் கிட்டே வர முடிகிறது. எஸ்யூவி, வேன் மாதிரி உயரமான வண்டிகள் நெடியவர்களுக்கு வசதியாகப் படுவதற்கும் இதுதான் காரணம்.

எவ்வளவு ஏற்றலாம்? தலை உச்சிக்கும் கூரைக்கும் நடுவே நாலு விரல் படுக்கையாக நுழைய வேண்டும். அதற்குக் குறைந்தால் மழைக்காலத்துப் பள்ளத்தில் சக்கரம் இறங்கும்போது உச்சி கூரையைப் போய்ப் பார்த்துவிட்டு வரும். இன்னொரு பக்கம், தொடைக்கும் ஸ்டீயரிங்கின் அடிவட்டத்துக்கும் நடுவே கை முஷ்டி தாராளமாகப் போய்வர வேண்டும். இரண்டுக்கும் நடுவில் உங்கள் உயரம் இருக்கிறது.

சில கார்களில் லிவரை இழுத்தால் சீட்டின் பின்பாதி மட்டும்தான் எழும்பும், முன்பாதி அப்படியே இருக்கும். அதில் ஏற்றினால் முன்னால் சறுக்குகிற மாதிரி ஆகிவிடும், இறக்கத்தில் இன்னும் மோசம். அப்படிப்பட்ட காரில் பாதி அளவுக்கு மேல் ஏற்றாதீர்கள்.

மூன்றாவது படி: சாய்மானம்

இங்கேதான் பெருமையை விட வேண்டும். படுத்துக்கொண்டு ஓட்டுவது பார்க்க நன்றாக இருக்கலாம், மலையில் வேலைக்கு ஆகாது. செங்குத்துக்குக் கொஞ்சம் பின்னால், 100லிருந்து 110 டிகிரிக்குள் இருக்கட்டும். முதலில் உட்காரும்போது பள்ளிக்கூட பெஞ்ச் மாதிரி விறைப்பாகத் தோன்றும். ஒரு வாரம் பொறுங்கள்.

தலை இடிக்கிறது என்பதற்காகச் சாய்ப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. சாயச் சாய பெல்ட்டின் தோள் பக்கப் பட்டை மார்பை விட்டு விலகும். மோதலில் உடம்பு இடுப்புப் பட்டைக்கு அடியில் சறுக்கிப் போகும், பட்டை எலும்பை விட்டு வயிற்றில் இறங்கும். தலைக்கு இடம் வேண்டும் என்றால் முதலில் சீட்டை இறக்குங்கள், தடித்த பஞ்சு வைத்த சீட் கவர் இருந்தால் கழற்றுங்கள். சீட்டின் பக்கவாட்டில் ஏர்பேக் இருக்கும் கார் என்றால் அந்தக் கவர் எப்படியும் இருக்கக் கூடாது. இவ்வளவும் செய்து பார்த்துவிட்டுக் கடைசியாக ஒரு கிளிக் சாயுங்கள்.

இடுப்புக்குப் பின்னால் குழி விழுந்த மாதிரி இருந்தால் ஒரு துண்டைச் சுருட்டி, பேண்ட் பெல்ட் கட்டும் உயரத்துக்குச் சற்று மேலே வையுங்கள். நாள் முழுக்க ஓட்டுகிற டாக்ஸிக்காரர்கள் காலங்காலமாகச் செய்வதுதான்.

நாலாவது படி: ஸ்டீயரிங்

தோள் இரண்டும் சீட்டில் ஒட்டியிருக்க, ஒரு கையை நேராக நீட்டி ஸ்டீயரிங்கின் உச்சியில் வையுங்கள். மணிக்கட்டு வட்டத்தின் மேல் உட்கார வேண்டும். விரல் நுனிதான் எட்டுகிறது என்றால் தூரம் அதிகம். மணிக்கட்டு சரியாக உட்கார்ந்தால், கையைக் கடிகாரத்தின் ஒன்பது மணி, மூன்று மணி இடங்களுக்கு இறக்கும்போது முழங்கை தானாக மடங்கி நிற்கும்.

ஸ்டீயரிங் கம்பத்துக்கு அடியில் இருக்கும் லிவரைத் திறந்தால் சில கார்களில் மேலே கீழே மட்டும் நகரும், சிலவற்றில் முன்னே பின்னேயும் நகரும். முன்னே பின்னே நகர்ந்தால் நீங்கள் அதிர்ஷ்டசாலி, உங்கள் பக்கம் நன்றாக இழுத்துக்கொள்ளுங்கள். பூட்ட மறக்காதீர்கள், ஓடும்போது இந்த லிவரைத் தொடவே தொடாதீர்கள்.

மேலே கீழே சரிசெய்யும்போது, தொடைக்கு இடம் வேண்டும் என்று ஒரேயடியாக மேலே தூக்கிவிடுவோம். அப்போது ஸ்டீயரிங் நடுவில் இருக்கும் ஏர்பேக் உங்கள் முகத்தைப் பார்க்கும். அது மார்பைப் பார்க்க வேண்டும். ஸ்பீடாமீட்டரும் வட்டத்துக்குள் முழுசாகத் தெரிய வேண்டும். மார்பெலும்புக்கும் ஸ்டீயரிங் நடுவுக்கும் குறைந்தது 25 சென்டிமீட்டர், அதாவது ஒரு சாணுக்குக் கொஞ்சம் மேல். நெட்டையர்களுக்கு இது பொதுவாகப் பிரச்சினை இல்லை, ஆனால் நான் சொன்னபடி கிட்டே வந்தவர்கள் ஒரு தடவை அளந்துவிடுங்கள்.

முன்னே பின்னே நகராத ஸ்டீயரிங் என்றால்? நம்மில் பாதிப் பேர் கதை அதுதான். மணிக்கட்டுச் சோதனையும் கிளட்ச் சோதனையும் ஒரே நேரத்தில் தேறாது. அப்போது நான் கைக்குத்தான் முன்னுரிமை கொடுப்பேன்: சாய்மானத்தை இன்னும் ஒரு கிளிக் நிமிர்த்தி, கால் சற்று அதிகமாக மடங்குவதைப் பொறுத்துக்கொள்வேன். மடங்கிய கால் அலுக்கும், வண்டியை நிறுத்தி இறங்கி நடந்தால் சரியாகிவிடும். வளைவு நடுவில் எட்டாத கைக்கு அப்படி ஒரு பரிகாரம் கிடையாது.

பெல்ட், ஹெட்ரெஸ்ட்

கதவுத் தூணில் பெல்ட் மாட்டியிருக்கும் இடத்தை ஏற்றி இறக்க முடிந்தால் உச்சிக்கு ஏற்றுங்கள். பெல்ட் தோளுக்கும் கழுத்துக்கும் நடுவே காறை எலும்பின் மேல் போக வேண்டும், இடுப்புப் பட்டை வயிற்றுக்குக் கீழே எலும்பின் மேல். ஜாக்கெட் போட்டிருந்தால் அதைத் திறந்து, பட்டையை உள்ளே உடம்போடு ஒட்டிப் போடுங்கள்.

ஹெட்ரெஸ்ட்டின் மேல்விளிம்பு தலை உச்சிக்குச் சமமாக இருந்தால் உத்தமம். உடம்பு நீளமானவர்களுக்குப் பல கார்களில் அது நடக்காது, குறைந்தபட்சம் காதுக்கு மேலாவது வர வேண்டும். பூட்டும் கடைசிப் பள்ளம் வரை இழுங்கள். அதற்கு மேல் இழுத்து, பூட்டாத நிலையில் விடாதீர்கள்.

கண்ணாடியும் வளைவும்

பொதுவாக எழுதுபவர்கள் இதைக் கடைசி வரியில் தள்ளிவிடுவார்கள். நீலகிரியில் ஓட்டுபவனுக்கு இது பெரிய விஷயம். நெட்டையானவர்களின் கண் உயரத்துக்கு நேராக நடுக்கண்ணாடி தொங்குகிறது. இடதுபக்கம் மேலேறும் கொண்டை ஊசி வளைவில், மேலிருந்து இறங்கி வரும் பஸ்ஸை எங்கே தேட வேண்டுமோ, சரியாக அந்த இடத்தை அது மறைக்கிறது. வலது வளைவில் முன் தூண் மறைக்கும். கூரையின் விளிம்பும் நமக்குத் தாழ்வாக இருப்பதால் மேல் ரோடு கண்ணில் படாது.

நடுக்கண்ணாடியை அதன் மூட்டில் எவ்வளவு மேலே தூக்க முடியுமோ தூக்கி, கூரையோடு ஒட்டினாற்போல் வைத்து, பின்கண்ணாடி முழுக்கத் தெரிகிற மாதிரி திருப்புங்கள். அதில் தொங்கும் மாலை, பொம்மை, மணி எல்லாம் வேறு இடத்துக்குப் போகட்டும், சாமி கோபித்துக்கொள்ளாது. வளைவுக்குள் நுழையும் முன்பே, ஹார்ன் அடித்துவிட்டு, கழுத்தைக் குனிந்து பக்கவாட்டு ஜன்னல் வழியாக மேல் ரோட்டை ஒரு பார்வை பாருங்கள். குள்ளமானவர்களுக்கு இது தானாகவே தெரியும், நாம் வேலை செய்துதான் பார்க்க வேண்டும். ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி வழிவிட வேண்டும் என்பது விதிதான், ஆனால் அதை நம்பிப் பார்க்காமல் ஏறாதீர்கள்.

வெளிக்கண்ணாடிகளை எல்லாம் முடிந்த பிறகு ஒரே தடவையில் சரிசெய்யுங்கள். முன்பே செய்தால் இரண்டு தடவை வேலை.

ரோட்டில் சோதனை

நின்ற இடத்திலேயே ஸ்டீயரிங்கை ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை திருப்புங்கள். தோள் சீட்டை விட்டு எழும்புகிறதா, கை தொடையில் இடிக்கிறதா, முழங்கை கதவில் மோதுகிறதா? அப்புறம் கியர்: ஒன்று, இரண்டு, மூன்று, நாலு என்று போட்டுப் பாருங்கள். கால் அகன்று விழுந்து, கை போய் இடது முழங்காலில் இடித்தால் சீட் இன்னும் தாழ்வாகவோ கிட்டேயோ இருக்கிறது.

அடுத்தது நிஜ ரோடு. கல்லாறு தாண்டி ஏறத் தொடங்கினால் பர்லியார் வருவதற்குள் உங்கள் உடம்பே சொல்லிவிடும். பர்லியாரில் நிறுத்தி டீ குடியுங்கள், பழ சீசன் என்றால் மங்குஸ்தான் வாங்குங்கள், எங்கே வலிக்கிறது என்று கணக்கெடுங்கள். தோள் என்றால் ஸ்டீயரிங் தூரம். இடது முழங்காலின் வெளிப்பக்கம் என்றால் கால் அகன்று கியர் இருக்கும் நடு டப்பாவில் சாய்ந்திருக்கிறது, சீட்டை ஒரு கிளிக் ஏற்றுங்கள். தொடைக்கு அடியில் மரத்துப்போனால் சீட் விளிம்பு அழுத்துகிறது, ஒரு கிளிக் இறக்குங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள், எல்லாவற்றையும் சேர்த்து மாற்றினால் எது குணமாக்கியது என்று தெரியாது.

இறக்கம் வேறு சோதனை. இரண்டாவது கியரில் இன்ஜின் பிடித்துக்கொண்டு இறங்கும்போது உடம்பு முன்னால் வழியும். இடது பாதத்தைத் தரையில் ஊன்றி இடுப்பைச் சீட்டோடு அழுத்திக்கொள்ளுங்கள். கையால் ஸ்டீயரிங்கைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு இறங்கினால் திருப்பக் கை இருக்காது. சீசனில் பெரும்பாலும் குன்னூர் வழியாக ஏற்றி, கோத்தகிரி வழியாக இறக்கிவிடுவார்கள், அந்த ஒரு சுற்றிலேயே இரண்டு சோதனையும் முடிந்துவிடும்.

பனிமூட்டம் இறங்கினால் எல்லாரும் செய்யும் காரியம் ஒன்று உண்டு: முதுகைச் சீட்டிலிருந்து பிரித்து, மூக்கை முன்கண்ணாடியில் ஒட்டுவது. அதனால் ஒரு அடிகூட அதிகமாகத் தெரியாது. லோ பீம் போட்டு, வேகத்தைக் குறைத்து, சாய்ந்தே உட்காருங்கள்.

சீட்டையே மாற்றலாமா? காரையே மாற்றலாமா?

சீட் ஓடும் தண்டவாளத்தை நீட்டி வெல்டிங் வைத்துத் தருகிறேன் என்று சொல்வார்கள். வேண்டாம். மோதும்போது சீட்டைத் தரையோடு பிடித்து வைத்திருப்பது அந்தத் தண்டவாளமும் அதன் போல்ட்டுகளும்தான். மோட்டார் வாகனச் சட்டம் 52ஆவது பிரிவும் வண்டியின் அமைப்பை இஷ்டத்துக்கு மாற்றுவதை அனுமதிக்காது.

கார் வாங்கப் போகிறவர்கள் விலைப்பட்டியலில் முதலில் தேட வேண்டியது பெரிய திரையை அல்ல. முன்னே பின்னே நகரும் ஸ்டீயரிங்கையும் உயரம் ஏறும் சீட்டையும்தான். ஒரே காரில் விலை குறைந்த வகையில் இவை இல்லாமல் போவது சகஜம். சன்ரூஃப் தலைக்கு மேலே சில சென்டிமீட்டரைத் தின்றுவிடும், உடம்பு நீளமானவர்கள் இல்லாத வகையையும் உட்கார்ந்து பாருங்கள். ஷோரூமில் ஐந்து நிமிஷம் போதாது, அரை மணி நேரம் உட்காருங்கள், விற்பவர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை. உங்கள் அளவுக்கு வைத்த சீட்டுக்குப் பின்னால் போயும் உட்காருங்கள். எங்கள் வீட்டில் எனக்குப் பின்னால் உட்காருவது யார் என்று ஒவ்வொரு பயணத்துக்கும் முன்னால் ஒரு பஞ்சாயத்து நடக்கும், கடைசியில் பத்து வயசு மகள்தான் போவாள்.

எல்லாம் சரியாகி ஓட்டிக்கொண்டிருக்கும்போது என் மனைவி ஒருநாள் வண்டியை எடுத்துப் போய்விட்டு வந்தாள். ஐந்தடி ஒரு அங்குலம். என் ஒரு மாத உழைப்பு ஒரு நிமிஷத்தில் போனது. அன்றிலிருந்து, சீட்டை முழுக்க முன்னால் தள்ளி அங்கிருந்து எனக்கு எத்தனை கிளிக் என்று எண்ணி டேஷ்போர்டு டப்பாவுக்குள் எழுதி வைத்திருக்கிறேன்: தூரம் 11, சாய்மானம் 5. சீட் தண்டவாளத்தில் அவளுடைய நகப்பாலிஷால் இரண்டு கோடும் போட்டாயிற்று, சிவப்பு அவளுக்கு, பின்னால் தள்ளிப் பச்சை எனக்கு.